எழுபதாவது டிகிரி

மெட்டியை மட்டும் கழற்ற முடியாது என்று வெள்ளச்சி சொல்லிவிட்டாள். மூக்குத்தி போயிற்று, வளையல் போயிற்று, இடுப்பில் செருகியிருந்த பெட்டிச் சாவியும் போயிற்று. மெட்டி என்று கேட்டதும் இரண்டு காலையும் புடவைக்குள் இழுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"எங்க வூட்டுக்காரரு நல்லாத்தானே இருக்காரு. அவரு இருக்கச்சொல்ல மெட்டியக் கழட்டிட்டு இன்னாம்மா ஆராய்ச்சி?"

கண்ணகி அதோடு விட்டுவிட்டாள். ஏற்கெனவே அந்த வீட்டிலிருந்து அண்டா, குண்டான், அரிவாள், மண்வெட்டி, ஆட்டுக் கழுத்து மணி என்று உலோகமாக இருந்த அத்தனையையும் வெகுதூரம் தூக்கிக்கொண்டு போய் வைத்தாகிவிட்டது. பார்த்தவர்கள் வீட்டை ஜப்தி செய்கிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள். காலை மடக்கி, மெட்டி வெளியே தெரியாமல் உட்கார்ந்தால் போதும் என்று சமாதானம் செய்துகொண்டாள்.

இத்தனை பாடும் ஒரு மாங்காய்க்காக. மரத்தில் காய்க்கிற மாங்காய் அல்ல, காகிதத்தில் வரைகிற மாங்காய்.

கண்ணகி வடக்கனந்தல்காரி. கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் ஐந்து வருடமாக ஆராய்ச்சி மாணவி. அந்த ஐந்து வருடமும் அவள் கட்டிக்கொண்டு அழுதது பிஸ்கட் அளவு ஒரு செம்புத் தகட்டை. அதற்கு ஸ்லாட் ஆன்டெனா என்று பெயர். மற்ற ஆன்டெனாக்களில் கம்பி பேசும். இதில் செம்பை அரித்து எடுத்துவிட்ட வெற்றிடம்தான் பேசும், செம்பு சும்மா சுற்றி நிற்கும். அந்த வெற்றிடம் நீளமாக இருந்தால்தான் வேண்டிய அலை கிடைக்கும். நீளமாக இருந்தால் சின்னக் கருவிக்குள் அடங்காது. அதனால் கண்ணகி அதை மடித்தாள். மடித்ததை மறுபடி மடித்தாள். ஆறு கெஜப் புடவையைச் சின்ன டிரங்குப் பெட்டிக்குள் அடக்குவதுபோல ஐந்து வருடம் மடித்து, கடைசியில் அடக்கியும்விட்டாள்.

கட்டுரையை அனுப்பினால், கணினியில் போட்ட படம் அழகாக இருக்கிறது, திறந்த வெளியில் அளந்து காட்டு, பத்து நாள் தருகிறோம் என்று பத்திரிகையிலிருந்து பதில் வந்தது. ஆன்டெனாவை ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். பத்து டிகிரிக்கு ஒரு தரம் நிறுத்தி, எந்தப் பக்கம் எவ்வளவு கேட்கிறது என்று அளந்து வட்டக் காகிதத்தில் குறிக்க வேண்டும். முன்பக்கம் நன்றாகக் கேட்டு மற்ற பக்கமெல்லாம் அடங்கியிருந்தால், குறித்த புள்ளிகளைச் சேர்க்கும்போது ஒரு மாங்காய் வரும். அதுதான் அந்த மாங்காய்.

கல்லூரியில் அதை அளக்க வழியில்லை. சுற்றிலும் கைபேசிக் கோபுரம், விடுதி வைஃபை என்று காற்று முழுக்க இரைச்சல். சென்னையில் சத்தம் புகாத அறை ஒன்று உண்டு, அதற்கு இரண்டு மாதக் காத்திருப்பு. அவளுடைய வழிகாட்டி அரங்கநாதன் யோசித்துவிட்டு, எந்த இடத்தில் உன் போன் செத்துப்போகிறதோ அந்த இடம்தான் உனக்கு லேப் என்றார். அப்படித்தான் கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டி, வெள்ளச்சி வீட்டுக்குப் பின்னால் இருந்த பாறைமேட்டுக்கு அவள் வந்து சேர்ந்தாள்.

மாங்காய் வராவிட்டால் கட்டுரை இல்லை. கட்டுரை இல்லாவிட்டால் பட்டம் இல்லை. பட்டம் போனால் போகட்டும் என்றுகூட இருந்துவிடலாம். ஆனால் அதற்காக அவள் அப்பாவைப் பறிகொடுத்திருந்தாள்.

அவள் அப்பா பச்சமுத்து கரும்பு வெட்டுகிறவர். ஏழு மாதத்துக்கு முன்னால் திருக்கோவிலூரிலிருந்து ஒரு வரன் வந்தது. பச்சமுத்து அநேகமாகப் பேசி முடித்துவிட்டார். ஆராய்ச்சி முடியட்டும் என்றாள் கண்ணகி. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், அஞ்சு வருசமா ஒரு செம்புத் துண்டைச் சொரண்டிக்கினு இருக்கியே, அதுல அப்படி இன்னாதான் இருக்குது என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அது கண்ணகிக்குப் பிறகுதான் உறைத்தது. அந்த நேரத்துக் கோபத்தில் அவள் சொல்லிவிட்டாள்.

"சொன்னா உங்களுக்கு இன்னா புரியப் போவுது?"

பச்சமுத்து தட்டிலேயே கையைக் கழுவினார். "இனிமே உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்" என்றார்.

மற்ற அப்பாக்கள் சொன்னால் அது இரண்டு நாள் பேச்சு. பச்சமுத்து அப்படியல்ல. சொன்ன வார்த்தையிலிருந்து அரை அங்குலம் நகராத மனிதர். டீக்கடைக்காரரிடம் ஒருமுறை சண்டை போட்டு, இனி உன் கடை டீயைத் தொட மாட்டேன் என்று சொன்னவர், பதினோரு வருடமாக அதே கடையில் காப்பி குடித்துக்கொண்டிருக்கிறார். மகள் விஷயத்திலும் அப்படியே. அவள் வீட்டுக்குள் வந்தால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். அவள் எதிரே வந்தால் தலையில் துண்டைப் போட்டு முகம் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொள்வார். ஒருமுறை அப்படியே நடந்து எருமைமேல் மோதிக்கொண்டதும் உண்டு.

அந்த ஒரு வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ளக் கண்ணகி வழி தேடிக்கொண்டிருந்தாள். பட்டம் வாங்கி, ஆராய்ச்சிப் புத்தகத்தைக் கொண்டுபோய் அவர் கையில் வைத்து, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிச் சொல்லிக்கொடுத்துவிட வேண்டும் என்றிருந்தாள். அதற்கு முதலில் மாங்காய் வர வேண்டும்.

முதல் நாள் மாங்காய் வந்தது. கூடவே எழுபதாவது டிகிரியில் ஒரு பிஞ்சும் வந்தது.

எழுபதாவது டிகிரியில் ஒன்றுமே கேட்கக் கூடாது. கேட்டது. வெள்ளிமலைக்கு நடந்துபோய் அரங்கநாதனுக்குப் போன் செய்தாள். பக்கத்தில் ஏதோ உலோகம் இருக்கிறது, அதில் அலை பட்டுத் திரும்பி வருகிறது, எல்லாவற்றையும் அப்புறப்படுத்து என்றார் அவர். செடிகொடி பரவாயில்லையா என்று கேட்டாள். நாலு தழையை நம் கண்தான் தாண்டாது, அலை தாண்டிப் போய்விடும், அதைப் பற்றிக் கவலைப்படாதே என்றார். அதன் பலன்தான் மறுநாள் காலை நடந்த இந்த ஜப்தி.

அளவெடுப்பு ஆரம்பமாயிற்று. ஆன்டெனாவைச் சுற்றுவதற்குக் கல்லூரியில் மோட்டார் வைத்த மேடை இருந்தது. ஆனால் அதுவே ஒரு மணங்கு இரும்பு. அதனால் வெள்ளச்சி வீட்டு ராகித் திருகையைப் பாறைமேல் கொண்டுவந்து வைத்து, மேல்கல்லில் டிகிரி போட்ட காகிதத்தை ஒட்டி, அதன்மேல் மூங்கில் குச்சி நட்டு, குச்சி நுனியில் தெர்மோகோலில் ஆன்டெனாவைச் செருகியிருந்தாள். முப்பது அடி தள்ளி ஒரு கம்பத்தில் அலை அனுப்பும் பெட்டி. இந்தப் பக்கம் கண்ணகி அளவுக் கருவியை மடியில் வைத்துக்கொண்டு, பின்னாலிருந்த புதருக்கு முதுகைக் காட்டி, அலையை மறைக்காமல் குனிந்து உட்கார்ந்திருப்பாள். வெள்ளச்சி கல்லைப் பத்து டிகிரி திருப்பிவிட்டுத் தானும் குனிந்துகொள்வாள்.

இதில் ஒரு சிக்கல். வெறும் திருகையைச் சுற்றினால் வீட்டில் சண்டை வரும் என்பது வெள்ளச்சியின் நம்பிக்கை. கல்லும் கல்லும் உரசிக்கொள்ள விடலாமா, நடுவில் ஒரு பிடி தானியமாவது வேண்டும் என்பாள். எங்கள் வீட்டில் வர வேண்டிய சண்டையெல்லாம் வந்துவிட்டது அக்கா என்று கண்ணகி சொல்லிப் பார்த்தாள். எடுபடவில்லை. பத்து டிகிரிக்கு ஒரு சிட்டிகை ராகி என்று போட்டு, ஒரு முழுச் சுற்று முடியும்போது ஆராய்ச்சியோடு கொஞ்சம் மாவும் வந்தது. பகல் முழுக்க அளந்தால் பொழுது சாயும்போது இரண்டு பேருக்குக் களி தேறியது.

அண்டா குண்டான் இல்லாத அந்த இரண்டாம் நாள், பிஞ்சு காயாகிவிட்டது.

கண்ணகிக்கு நம்ப முடியவில்லை. உலோகத்தை எடுத்தால் குறைய வேண்டும், இது வளர்கிறது. காலையிலிருந்து பாத்திரம் சுமந்த இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே பாறைமேல் சாய்ந்துவிட்டாள்.

மாலையில் வெள்ளிமலைக்குப் போய் அம்மா ஜெயம்மாளுக்குப் போன் செய்தாள். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டாள்.

"ரிஷிவந்தியம் பக்கம் கரும்பு வெட்டுக்குப் போய்க்கினு இருக்காரு. விடிகாலை பஸ்ஸுக்குப் போனா பொழுது சாஞ்சாத்தான் வராரு."

"என்னைப் பத்தி ஏதாச்சும் கேட்டாராம்மா?"

"உன் பேரையே எடுக்கறது இல்ல" என்றாள் ஜெயம்மாள். அதற்குப் பிறகு, கனமானதெல்லாம் தூக்காதே, இடுப்பு பிடித்துக்கொள்ளும் என்றும் சேர்த்துச் சொன்னாள். பெற்ற மனசுக்கு எப்படித்தான் தெரிகிறதோ என்று கண்ணகிக்குக் கண் கலங்கியது.

மூன்றாம் நாள், சந்தேகம் திருகையின்மேல் விழுந்தது. நடுவில் கல்லைத் தாங்குகிற முளை இரும்பு. அதைப் பிடுங்கிவிட்டு வெள்ளச்சி வீட்டுக்காரரைக் கொண்டு ஒரு மரமுளை செதுக்கிப் போட்டாள். மரமுளையில் கல் ஆட்டம் கண்டது. எழுபது என்று நிறுத்தினால் எண்பதுக்குப் போய், மனசு மாறி அறுபதுக்குத் திரும்பி வந்தது. மாவு நொய்யாக விழுந்தது. இப்படி அரைத்தால் களி கிண்ட முடியாது என்று வெள்ளச்சி வேறு முறைத்தாள். காய் போகவில்லை. ஆட்டத்தில் கொஞ்சம் அகலமாகி, ஒரு குடும்பமே அங்கே குடியிருப்பதுபோலத் தெரிந்தது.

அப்படியானால் தகட்டில் வயர் சேருகிற இடத்தில் ஈயப்பற்று சரியில்லை, அதுதான் என்று முடிவுக்கு வந்தாள். பற்றுவைக்கலாம் என்றால் மின்சாரம் இல்லை. பாறையோரமாகவே கல் கூட்டி விறகு எரித்து, ஈயத்தை உருக்கும் கோலை நெருப்பில் காய்ச்சினாள். காய்ச்சிய கோலை எடுக்கும்போது புகை கண்ணில் அடித்தது, பிடியை விட்டுவிட்டு முனையைப் பிடித்துவிட்டாள். அவள் போட்ட சத்தத்தில் ஆடுகள் மிரண்டு ஓடின. பின்னாலிருந்த புதரும் ஒரு ஆட்டம் ஆடி அடங்கியது. வெள்ளச்சி ஓடிவந்து விரலில் மலைத்தேனைத் தடவி, துணி சுற்றிவிட்டாள்.

கட்டுப்போட்ட விரலோடு அன்று சாயங்காலம் அளந்தபோது காய் இன்னும் பெரிதாகியிருந்தது. மாங்காய்க்குச் சமமாக இல்லாவிட்டாலும், பார்த்தால் தம்பி என்று சொல்லிவிடலாம்.

நான்காம் நாள் இடத்தையே மாற்றினாள். குற்றம் பாறையில் இருக்கலாம், உள்ளே ஏதாவது தாது ஓடலாம். திருகை, கம்பம், கருவி எல்லாவற்றையும் மேட்டின் மறுபக்கத்துக்குக் கொண்டுபோய், இரும்பு முளையையும் திரும்பப் போட்டு, அதேபோல ஒரு புதருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

மாங்காய் வந்தது. மாங்காய் மட்டும் வந்தது. கன்னத்தில் ஒரு பரு இல்லாமல், கணினியில் வந்ததுபோலவே முழுசாக, வழவழவென்று வந்தது. கண்ணகி வெள்ளச்சியைக் கட்டிக்கொண்டாள். பத்திரிகைக்கு அனுப்ப வேண்டுமென்றால் அதேபோல இன்னொரு தரம் வந்தாக வேண்டும். சாப்பிட்டுவிட்டு அளக்கலாம் என்றாள். வெள்ளச்சி, ஆட்டை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவள் திரும்பிவர அரைமணி நேரமாயிற்று.

சாப்பாட்டுக்குப் பிறகு எழுபதாவது டிகிரியில் பழையபடி காய் தொங்கியது.

கண்ணகி அந்தக் காகிதத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அலையில் கோளாறு என்றால் இடம் மாறினால் மாற வேண்டும். இது வளர்த்த நாய்போலக் கூடவே வந்து, அவள் உட்கார்ந்த இடத்தில் தானும் உட்கார்ந்துகொண்டது. வெள்ளிமலைக்குப் போய் அரங்கநாதனிடம் போனில் சொன்னாள். அவர், டிசைனிலேயே குறை இருக்கலாம் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். நல்ல மனிதர், அதனால்தான் தயங்கினார். ஐந்து வருட மடிப்பில் எங்கோ ஒரு மடிப்பு தப்பு என்பது அதற்கு அர்த்தம்.

ஐந்தாம் நாள் வெயில் காலையிலேயே ஏறிவிட்டது. கடைசியாக ஒருமுறை அளந்தாள். காய் இப்போது மாங்காயைவிட ஒரு பிடி சின்னது, அவ்வளவுதான். கண்ணகி பேனாவை மூடினாள். அழக் கூடாது என்றிருந்தவள், பேனாவை மூடியபோது அழுதுவிட்டாள்.

நாளைக்குக் கீழே இறங்கிவிடப் போவதாக வெள்ளச்சியிடம் சொன்னாள். இதற்குமேல் முடியாது, அந்தத் திருக்கோவிலூர் வரன் இன்னும் காலியாக இருந்தால் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றாள். வெள்ளச்சி திருகையிலிருந்த மாவை முறத்தில் வழித்துக்கொண்டிருந்தாள்.

"பட்டம் போனாக்கூடப் பரவாயில்லக்கா. எங்கப்பா கேட்டாரு, அதுல இன்னா இருக்குதுன்னு. உங்களுக்கு இன்னா புரியும்னு கேட்டுட்டேன். இப்பப் பாத்தா எனக்கே புரியல."

 எந்தத் தகட்டுக்காக அப்பாவின் முகத்தைப் பார்த்து அப்படிச் சொன்னாளோ, அந்தத் தகடே கையை விரித்துவிட்டது. இனி என்ன முகத்தை வைத்துக்கொண்டு அவர் எதிரே போய் நிற்பது என்று நினைத்து அழுதாள். அதைக் கேட்டுக்கொண்டிருந்த வெள்ளச்சியின் கண்ணும் நிறைந்துவிட்டது. அவள் முந்தானையால் துடைத்துக்கொண்டு, கண்ணகியைத் தாண்டிப் பின்னால் எங்கோ பார்த்தாள்.

கண்ணகி காகிதங்களை மூட்டை கட்டுவதற்காக ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாள். மெல்லிய காகிதம், வெயிலில் பிடித்தால் அடியிலிருப்பதும் தெரிந்தது. எல்லாக் காயும் ஒரே இடத்தில் இருந்தது. எதுவோ கிட்டே நகர்ந்து வருவதுபோல நாளுக்கு நாள் பெரிதாகியிருந்தது, ஆனால் இடம் மாறவில்லை. அப்போதுதான் ஆராய்ச்சி மாணவிக்கு ஐந்து நாளாகத் தோன்றாத ஒன்று தோன்றியது. நேற்றுக் காலை மட்டும் இது இல்லை. தகட்டில் குறை என்றால் நேற்றுக் காலையும் இருந்திருக்க வேண்டும். அப்படியானால் தகடு சரி. தகடு எதையோ பார்க்கிறது. பார்ப்பதைத்தான் சொல்கிறது.

ஒரு கயிற்றை எடுத்துத் திருகையின் நடுவில் ஒரு நுனியை வைத்து, எழுபதாவது டிகிரி வழியாக இழுத்தாள். கயிறு அவள் உட்கார்ந்திருந்த கோணியைத் தாண்டி, நேராகப் பின்னாலிருந்த உண்ணிப்புதருக்குப் போயிற்று. ஐந்து நாளும் அவள் முதுகைக் காட்டிக்கொண்டிருந்த பக்கம் அது.

"அக்கா, அந்தப் பொதருக்குப் பின்னாடி தகரம் கிகரம் ஏதாச்சும் கெடக்குதா?"

வெள்ளச்சியின் கையிலிருந்த முறம் அப்படியே நின்றது. பொய் சொல்லிப் பழக்கமில்லாத முகம், என்ன செய்வதென்று தெரியாமல் தவித்தது. யாரிடமோ சத்தியம் செய்துகொடுத்தவள்போலக் கொஞ்சநேரம் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு தகரம் இருக்கிறது, ஆட்டுக் கொட்டகைக் கூரையிலிருந்து கழற்றியது என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

கண்ணகி எழுந்துவிட்டாள். அழுத முகத்திலேயே சிரிப்பு வந்துவிட்டது. ஐந்து வருட மடிப்பில் ஒரு மடிப்பும் தப்பில்லை. ஒரு தகரம், வெறும் ஒரு தகரம்தான் தன்னை இந்தப் பாடு படுத்தியிருக்கிறது, அதை எடுத்துத் தூரப் போட்டால் தீர்ந்தது என்று சொல்லிக்கொண்டே புதரைப் பார்த்து நடந்தாள். வெள்ளச்சி முறத்தைக் கீழே வைத்துவிட்டு எட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தகரத்தை எடுத்துரலாம் கண்ணு. அதத் தலைக்கு மேல புடிச்சிக்கினு, அஞ்சு நாளா உன் முதுகையே பாத்துக்கினு ஒக்காந்திருக்கற உங்கப்பாவ இன்னா பண்றது?"